குமானோ மலைப்பாதையில் ஒரு நாள் நடை, மாலையில் யுனோமினே வெந்நீர் ஊற்று: அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கயல்விழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் மூன்று ஆண்டுகளாக ஜப்பானின் ஒசாகாவில் வசிக்கிறோம். வரும் நவம்பர் நடுவில் என் அப்பா எங்களோடு சில வாரங்கள் தங்க வருகிறார். அவருக்கு வயது 66. நாள்தோறும் விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்தான், ஆனால் அது சமதரையில் நடக்கும் நடை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது என்பார், ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை.

பழைய கோயில்களைத் தேடிப் போவதில் அவருக்குத் தீராத ஆர்வம். அதனால் கீ தீபகற்பத்தின் குமானோ கோடோ யாத்திரைப் பாதையில் ஒரு நாளாவது அவரை நடக்க வைத்து, அன்று மாலையே வெந்நீர் ஊற்றில் குளிக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காலையில் ஹொஷ்ஷின்மோன் ஓஜியிலிருந்து புறப்பட்டு ஹோங்கூ தைஷா கோயிலை அடைவது, உணவுக்குப் பின் தைனிச்சிகோயே என்னும் மலைவழியைக் கடந்து யுனோமினே என்ற வெந்நீர் ஊற்றுக் கிராமத்தில் இறங்குவது என்று திட்டம் வகுத்திருக்கிறேன்.

இந்த இரண்டு நடைகளும் ஒரே நாளில் அவருக்குத் தாங்குமா? பாதை முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் இருப்பதாகப் படித்தேன். அப்படியிருக்க, பணம் கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்த வேண்டுமா? மலையேறி இறங்கிய கையோடு அவர் வெந்நீரில் இறங்கலாமா? கடைசியாக ஒன்று. மூன்று ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தும், முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஆடையின்றிக் குளிக்கக் கூச்சப்பட்டு, நான் இதுவரை எந்த ஒன்சென் வெந்நீர்க் குளியலுக்கும் போனதில்லை. அப்பாவுக்கும் அதே கூச்சம் இருக்கும். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடுவழியன் (பதில்)

வணக்கம் அம்மா. நான் இந்தப் பாதையில் நான்கு முறை நடந்திருக்கிறேன். அதில் இரண்டு முறை வழிகாட்டியுடன். உங்கள் திட்டத்தின் முதற்பாதி அப்பாவுக்கு மிகவும் பொருத்தமானது. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹொஷ்ஷின்மோன் ஓஜியிலிருந்து ஹோங்கூ தைஷா வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். ஓஜி என்பவை யாத்திரைப் பாதை நெடுகிலும் அமைந்த சிறு துணைக்கோயில்கள். அவற்றுள் ஹொஷ்ஷின்மோன் என்ற பெயருக்கு 'ஞான வேட்கை பிறக்கும் வாயில்' என்று பொருள் சொல்லலாம். அங்கிருந்து பாதை பெரும்பாலும் மெல்லிய இறக்கமாகவே செல்கிறது. தொடக்கத்தில் தேயிலைச் செடிகளும் காய்கறித் தோட்டங்களும் உள்ள சிற்றூர்களின் தார்ச்சாலையிலும், மிஸுனோமி ஓஜியைத் தாண்டியபின் சுகி என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டிலும் மாறி மாறி நடப்பீர்கள். நின்று பார்த்து, படம் எடுத்து, தேநீர் குடித்து நடந்தாலும் மூன்று மணி நேரத்தில் கோயிலின் பின்புறத்தை அடைந்துவிடலாம். கோயிலிலிருந்து சாலைக்கு இறங்கும் முகப்புப் படிக்கட்டில் 158 கற்படிகள் உள்ளன. அப்பாவின் முழங்காலைச் சோதிக்கப் போவது காட்டுப் பாதையைவிட இந்தப் படிகள்தாம். கையில் ஊன்றுகோல் இருக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

படியிறங்கியதும் ஓயுனோஹராவுக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கோயில் முதலில் இருந்த இடம் அதுதான், ஆற்றங்கரை மணல்திட்டு. 1889ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கட்டடங்களில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டபின், எஞ்சியவற்றை இப்போதுள்ள மேட்டில் கொண்டுபோய் நிறுவினார்கள். பழைய இடத்தின் முன் 2000ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட தோரீ வாயில் 33.9 மீட்டர் உயரம். வயல்வெளிக்கு நடுவே அது நிற்பதைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே நடப்பது தனி அனுபவம்.

இனி தைனிச்சிகோயே. மூன்று கிலோமீட்டர்தான் என்று படித்தவுடன் எளிதென்று தோன்றும். ஆனால் ஹோங்கூ பக்கம் நேர்செங்குத்தாக ஏறி, யுனோமினே பக்கம் அதே போலச் சரிந்து இறங்கும் வழி அது. நன்றாக நடப்பவர்களுக்கே ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இறக்கத்தில் கற்படிகள் சீராக இருப்பதில்லை. மழை பெய்திருந்தால் பாசி படிந்த கல்லும் வேரும் சவர்க்காரம் பூசியதைப் போல வழுக்கும். ஜப்பானிலேயே மிகுதியாக மழை பெய்யும் பகுதிகளில் கீ தீபகற்பம் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். இறங்கும்போது முழங்கால் வலிக்கும் 66 வயதுக்காரரை, ஏழு கிலோமீட்டர் நடந்து களைத்த பிற்பகலில், இந்த இறக்கத்தில் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹோங்கூவிலிருந்து யுனோமினேவுக்குப் பேருந்தில் கால் மணி நேரம்தான் ஆகும். அப்பாவை அதில் ஏற்றிவிடுங்கள். யாத்திரை குறைந்துவிட்டது என்று அவர் நினைக்க ஒரு காரணமும் இல்லை. அவர் நடந்து வந்து சேர்ந்தது கோயிலுக்கு அல்லவா?

வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வழி தவறிவிடுவோம் என்ற அச்சத்துக்காக வேண்டாம். பாதையில் ஐநூறு மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்; அவசரத்தில் அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக் குழுவினர் இடத்தை அறிந்துகொள்வார்கள். நான் முதல் முறை தனியாகத்தான் நடந்தேன், எங்கும் தடுமாறவில்லை. ஆனால் அந்த முறை நான் பார்த்தது ஒரு நல்ல காடு, அவ்வளவுதான். மூன்றாம் முறை உடன்வந்த வழிகாட்டி, கதாரிபே என்று அவ்வூரார் அழைக்கும் கதைசொல்லி வழிகாட்டிகளில் ஒருவர். பாதையோரத்துக் கல்லில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்த ஜிஸோ உருவத்தின் முன் அவர் நின்றார். கையிலிருந்த தண்ணீரில் சிறிது அதன் பாதத்தில் ஊற்றிவிட்டு, பயணிகளையும் குழந்தைகளையும் காப்பவர் இவர் என்று சொன்னார். முதல் நடையில் அதே கல்லைத் தாண்டித்தான் போயிருந்தேன். கண்ணில் படவே இல்லை. உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு வழிகாட்டி தேவை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகள் குறைவு, நவம்பரோ கூட்டம் மிகுந்த மாதம். ஆகையால் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். 2018 ஜனவரி முதல், அரசுத் தேர்வு எழுதாதவர்களும் கட்டணம் பெற்று வெளிநாட்டவருக்கு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. உரிமம் இல்லாதவர் எல்லாம் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அருமையான வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆனாலும் எத்தனை ஆண்டுகளாக இப்பாதையில் அழைத்துச் செல்கிறார், முதலுதவிப் பயிற்சி பெற்றவரா, மழை வலுத்தால் எந்த இடத்தில் நடையை நிறுத்திக்கொண்டு பேருந்தைப் பிடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பி அப்பாவை ஒப்படைக்கலாம்.

முல்லைக்கொடி (பதில்)

கயல்விழி, உங்கள் கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் உடைமாற்றும் அறையில் கையில் துண்டோடு பத்து நிமிடம் நின்றிருந்தது நினைவுக்கு வந்தது. அதே யுனோமினேவில்தான். அங்கிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே எவரும் எவரையும் பார்ப்பதில்லை என்பது நுழைந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நடந்து களைத்த உடம்போடு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. யுனோமினேவில் ஓடும் சிற்றோடையின் நடுவே ஒரு சிறு மரக்குடில் உண்டு. ட்சுபோயு என்று பெயர். உள்ளே இறங்கிப் பார்த்தால், இயற்கையான பாறைக் குழியில் அடியிலிருந்தே வெந்நீர் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு அல்லது மூன்று பேர்தான் அமர முடியும். முப்பது நிமிடம் முழுவதும் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று தாழிட்டுக்கொள்ளலாம். அப்பாவும் உங்கள் கணவரும் ஒரு முறை, நீங்கள் தனியாக ஒரு முறை என்று போய்வரலாம். கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களும் யாத்திரைப் பாதைகளும் 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது இந்தக் குளியல் குழியும் அதில் இடம்பெற்றது. நீரின் நிறம் நாளொன்றுக்கு ஏழு முறை மாறும் என்பது ஊர்வழக்கு. நான் இறங்கியபோது பால் கலந்த நீலமாக இருந்தது. எனக்குப் பின் காத்திருந்தவர்கள் வெளியே வந்து சாம்பல் நிறம் என்றார்கள். முன்பதிவு கிடையாது, பொதுக் குளியலறையின் முகப்பில் சீட்டு வாங்கி முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதே சீட்டில் பொதுக் குளியலறையையும் பயன்படுத்தலாம். குழிக்குள் சோப்புப் போடக் கூடாது.

இரண்டு சிறு செய்திகள் சொல்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலாவது, மெட்டி. இது கந்தகம் கலந்த நீர், வெள்ளி கறுத்துவிடும். நான் கழற்ற மறந்து இறங்கி, வெளியே வந்து பார்த்தபோது என் மெட்டிகள் இரண்டும் கரி பூசியதைப் போலாகியிருந்தன. விடுதியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, யுகாதா என்னும் பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே மடிப்பது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. என் மாமனார் அப்படி உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வர, விடுதி அம்மா ஓடிவந்து மெல்லத் திருத்திவிட்டார்.

பொதுக் குளியலறையில் மற்றபடி செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சிறு துண்டைத் தண்ணீரில் நனைய விடாமல் தலையில் மடித்து வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி இவற்றையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவார். ஆனால் உங்கள் வழிகாட்டி ஆணாக இருந்தால் உங்களோடும், பெண்ணாக இருந்தால் அப்பாவோடும் உள்ளே வர முடியாது என்பதை நினைவில் கொண்டு, கேட்க வேண்டியதை நடக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நெடுவழியன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஹோங்கூவை அடையும் முன் ஃபுஷியோகாமி ஓஜி என்ற மேட்டில் பாதை திறந்துகொள்ளும். நெடுந்தொலைவு நடந்து வந்த யாத்திரிகர்கள் முதன்முதலாகக் கோயிலைக் கண்டு மண்டியிட்டு வணங்கிய இடம் என்பதால் அந்தப் பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹெய்யான் காலத்துப் பெண் கவிஞர் இஸுமி ஷிகிபு இவ்விடத்தில் மாதவிலக்காகி, கோயிலை நெருங்க முடியாமற் போனதே என்று வருந்திக் கவிதை பாடினார் என்றும், அன்றிரவு கனவில் குமானோ தெய்வம் தோன்றி, தடையேதும் இல்லை, வா என்று அழைத்தது என்றும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. பெண்களை விலக்காத தலம் என்று குமானோ பெயர் பெற்றதை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லி முடித்தபோது, உடன் வந்த என் மாமியார் நெடுநேரம் எதுவும் பேசாமல் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவசரமில்லாமல் அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

செவிலி மாலா (பதில்)

நான் செவிலியாகப் பணியாற்றுகிறேன். அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாத்திரைகள் எவை என்பதைப் பொறுத்து அவருடைய மருத்துவர் சொல்வதே முடிவானது, புறப்படும் முன் அவரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

மலைநடைக்குப் பின் உடலில் நீர் குறைந்திருக்கும். வெந்நீர் மேலும் வியர்க்க வைக்கும். இரத்தக் குழாய்கள் விரிவதால், தொட்டியிலிருந்து எழும் நொடியில் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு இது கூடுதலாகவே நேரலாம். என் கணவர் நலமான உடம்புக்காரர்தான். ஆனாலும் ஒரு மலையிலிருந்து இறங்கியவுடன் நேரே வெந்நீரில் கால் மணி நேரம் அமர்ந்துவிட்டு எழுந்தபோது, கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆகையால் விடுதிக்கு வந்ததும் காலணியைக் கழற்றி, இரண்டு குவளைத் தண்ணீரோ தேநீரோ குடித்து, குறைந்தது முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தபின் அப்பா இறங்கட்டும். 41 பாகை செல்சியஸுக்கு மேற்படாத நீரில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை முதியோருக்கு அறிவுறுத்துகிறது. யுனோமினேவில் ஊற்றுநீர் ஏறத்தாழ 90 பாகைச் சூட்டில் வெளிவருகிறது. ட்சுபோயுவின் நீரும் சில வேளைகளில் மிகச் சூடாக இருக்கும், அப்போது குளிர்நீர் கலந்துகொள்ள வேண்டும்.

இறங்கும் முன், வாளியில் நீரை மொண்டு முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று மேல்நோக்கி ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தைக் காகேயு என்கிறார்கள். மற்றவர்களுக்கு அது தூய்மைக்கான நடைமுறை. அப்பாவுக்கு அது உடம்பைச் சூட்டுக்குப் பழக்கும் மருத்துவம். நெஞ்சளவோடு அமர்ந்தால் போதும். எழும்போது விளிம்பில் சற்று உட்கார்ந்து பிறகு எழட்டும். உங்கள் கணவர் அருகிலேயே இருக்கட்டும். குளித்து முடிக்கும் வரை சாக்கே என்னும் அரிசி மது வேண்டாம்.

கயல்விழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுவழியன் ஐயா, அப்பாவைப் பேருந்தில் அனுப்புவது என்று முடிவெடுத்துவிட்டேன். எனினும் தைனிச்சிகோயேவை நான் மட்டுமாவது கடக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. அப்பாவும் கணவரும் பேருந்தில் போக, நான் வழிகாட்டியோடு நடந்து வந்தால் சரிப்படுமா? மேலும், நாங்கள் சைவ உணவினர். மலையில் என்ன உண்பது?

நெடுவழியன்

தாராளமாக நடக்கலாம் அம்மா, நேரக் கணக்கு மட்டும் தவறக் கூடாது. நவம்பர் நடுவில் அங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். சுகிக் காட்டுக்குள் நான்கு மணிக்கே இருட்டு கட்டிவிடும். ஆகவே ஹோங்கூவிலிருந்து ஒன்றரை மணிக்குள் புறப்பட்டாக வேண்டும். அதற்குக் காலை ஒன்பது மணிக்கு ஹொஷ்ஷின்மோனில் நடையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒசாகாவிலிருந்து கீ-தனாபே வரை விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், அங்கிருந்து ஹோங்கூவுக்குப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் ஆகும் என்பதால், முதல்நாளே போய் யுனோமினேவில் ஒரே விடுதியில் இரண்டு இரவுகள் தங்கிவிடுங்கள். மூட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. கைப்பையில் மழைச்சட்டையும் தலைவிளக்கும் போதும். குளவிகள் இலையுதிர்காலத்தில் மூர்க்கமாக இருக்கும், கறுப்பு ஆடையைத் தவிருங்கள்.

முதல்நாள் மாலையே நீங்கள் வெந்நீரில் இறங்கிவிடலாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் நடையை முடித்து, களைப்புத் தீர வெந்நீரில் இறங்க நினைக்கிறோம். பழைய யாத்திரிகர்களோ யுனோமினேவின் வெந்நீரில் உடலைத் தூய்மை செய்துகொண்ட பின்னரே ஹோங்கூவை வழிபடப் போனார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 13ஆம் நாள், தந்தையர் தம் சிறு மகன்களோடு யுனோமினேவில் நீராடி, பிள்ளைகளைத் தோளில் சுமந்து தைனிச்சிகோயேவைக் கடந்து வருகிறார்கள். அன்று பிள்ளைகளிடம் தெய்வம் இறங்கியிருப்பதாக நம்பிக்கை. அதனால் வழியில் அவர்கள் கால் தரையில் படக் கூடாது. உங்கள் அப்பாவும் முதல்நாள் மாலையில் குளித்துவிட்டுக் காலையில் கோயிலுக்கு நடந்தால், அந்தப் பழைய முறைப்படியே போனவர் ஆவார்.

உணவைப் பொறுத்தவரை, விடுதியில் முன்பதிவு செய்யும்போதே மீன் துருவலிட்ட தாஷிச் சாறும் கூடாது என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் அந்தச் சாறு வந்துவிடும். நண்பகலுக்கு மெஹாரிஸுஷி நல்லது: ஊறவைத்த கடுகுக்கீரை இலையில் சோற்றைப் பெரிய உருண்டையாகப் பொதிந்த மலைவாழ்நர் உணவு. உள்ளே மீன் இல்லையா என்று கேட்டு வாங்குங்கள். யுனோமினேவின் ஓடையருகே யுஸுட்சு என்ற வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, குளிப்பதற்கன்று, சமைப்பதற்கு. அருகிலுள்ள கடையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கீரையோ வலைப்பையில் வாங்கி, கயிற்றால் கட்டி இறக்கிவிட்டுக் காத்திருந்தால் வெந்துவிடும். கந்தக வாசனையோடு தோல் உரிந்து வரும் அந்தக் கிழங்கை, உங்கள் அப்பா ஓடைக்கரைப் பலகையில் உட்கார்ந்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து சேரலாம்.

கயல்விழி

ஐயா, விடுதியில் இரண்டு இரவுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. தாஷியைப் பற்றியும் எழுதிவிட்டேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நவம்பர் 16ஆம் நாளுக்கு இசைந்திருக்கிறார். மழை வலுத்தால் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டதற்கு, ஃபுஷியோகாமியில் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பேன், தைனிச்சிகோயேவை ஹோங்கூவிலேயே கைவிடத் தயங்க மாட்டேன் என்று உடனே பதில் எழுதினார். நேற்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். பேருந்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஃபுஷியோகாமியில் அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதற்கேற்பப் புறப்பாட்டை எட்டரை மணிக்கு மாற்ற முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன்.